வாழையும் வீட்டுச் சிக்கனமும்: மலாயாத் தமிழர் வாழ்விலிருந்து சில குறிப்புகள்

மலாயாவின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ரப்பர், ஈயம், துறைமுகம் ஆகிய மூன்றின் வழியாகவே கற்பித்து வருகிறோம். ஏற்றுமதிக் கணக்கில் ஏறிய பொருள்களுக்கு ஆவணங்கள் உண்டு. ஆவணங்கள் உள்ளவற்றுக்கு வரலாறும் உண்டு. லயங்களின் பின்புறத்திலும் கம்பத்து வேலியோரங்களிலும் வளர்ந்து, பெரும்பாலும் விற்பனைக்குச் செல்லாமல் வீட்டுக்குள்ளேயே செலவாகிப்போன வாழைக்கு அத்தகைய கணக்கேடு இல்லை. ஆயினும் பல தலைமுறைகளின் அடுக்களையில் அது ஆற்றிய பணி சிறிதன்று. வாழையின் எப்பகுதியையும் வீணாக்காத பழக்கம் ஏன் தோன்றியது, நெருக்கடிக் காலத்தில் அது எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை, இன்று அதில் நம்மிடம் எஞ்சியிருப்பது யாது என்னும் வினாக்களை இங்கு எடுத்துக்கொள்வோம்.

இம்மண்ணின் செடி

வாழையை நாம் மரம் என்று அழைத்தாலும் தாவர இயலார் அதனைப் பெரும் பூண்டு வகையாகவே கொள்வர். தண்டாகத் தோன்றுவது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலை மட்டைகளின் தொகுதியேயாகும். மாவும் தென்னையும் ஆண்டுதோறும் காய்ப்பன. வாழைத்தண்டோ ஒரே ஒரு முறை குலை தள்ளி மடிகிறது. அதனடியிலிருந்து கன்றுகள் எழுகின்றன. 'வாழையடி வாழை' என்னும் வழக்கு இவ்வியல்பிலிருந்தே பிறந்தது. ஒவ்வொரு தாரை வெட்டும்போதும் ஆள் உயரத்தை மிஞ்சிய தண்டு ஒன்றும், இலைகளும், மட்டைகளும் வீட்டாரின் கைக்கு வந்து சேர்கின்றன. அவற்றை அழுக விடுவது அல்லது பயன்படுத்துவது என்னும் இரண்டு வழிகளே உண்டு. வாழையைச் சுற்றி வளர்ந்த சிக்கனப் பழக்கங்களின் வேர் இங்குதான் இருக்கிறது.

மனிதர் வாழையைப் பயிரிட்டதற்கான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று பாப்புவா நியூகினியின் கூக் சதுப்பு நிலத்தில் கிடைத்துள்ளது. அது ஏறத்தாழ 6,500 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. இன்றைய உண்ணும் வாழைகளின் காட்டு மூதாதையருள் ஒன்று மலாய்த் தீபகற்பத்திலேயே வளர்கிறது. மலாக்காவின் பெயராலேயே தாவர இயலார் அதனைக் குறிக்கின்றனர். 2012ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வாழையின் மரபணுத் தொகுதி, பகாங் என்னும் பெயர்கொண்ட வாழையிலிருந்து உருவாக்கிய செடியைக் கொண்டு அறியப்பட்டதாகும். ஆகவே தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தோர் வாழையை இங்கு முதன்முதலாகக் கொண்டுவந்தனர் எனக் கூற இயலாது. அவர்கள் வந்தபோதே வாழை இங்கு இருந்தது. மலாய் மக்களிடம் அதனைப் பயன்படுத்தும் நுட்பங்களும் இருந்தன. தமிழர் கொண்டுவந்தவை தம் கைப்பழக்கமும் தம் சொற்களுமே. மலாய் மொழியில் இன்றும் வழங்கும் 'பீசாங் ரஸ்தாளி' என்னும் பெயர் அக்கொடுக்கல் வாங்கலுக்குச் சான்றாக நிற்கிறது.

உறுப்புக்கு ஒரு சொல்

கன்று, கிழங்கு, மட்டை, நார், தண்டு, இலை, சருகு, பூ, தார், சீப்பு, காய், கனி, தோல் என வாழையின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு பயன் இருக்கிறது. மட்டையை உரித்து உலர்த்தினால் நார்; அதில் பூத் தொடுக்கப்பட்டது. பூவோடு சேர்ந்து மணம் பெறுவதாகப் பழமொழி கூறும் நாரும் இதுவே. காய்ந்த மட்டையில் மூக்குப்பொடியை மடித்து விற்றதால் 'பொடிமட்டை' என்னும் சொல் பிறந்தது. பச்சை இலை கிடைக்காதபோது உலர்ந்த சருகின்மேல் நீர் தெளித்து, அது மென்மையானதும் உண்கலமாகவும் தொன்னையாகவும் மடித்தனர்.

அடுக்களையிலும் அவ்வாறே. தண்டை வில்லைகளாக அரிந்து, நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமலிருக்க மோரில் இடுவர். பூவில் வேகாத நரம்புக்குக் 'கள்ளன்' என்று பெயர். அதனைத் தேடி நீக்குவது வீட்டுச் சிறுவரின் வேலையாக இருந்தது. காயின் தோலைச் சீவி எறியாமல் வேகவைத்து, உளுத்தம்பருப்பும் மிளகாயும் புளியும் வறுத்துச் சேர்த்துத் துவையலாக அரைத்தனர். அல்லது பொடியாக நறுக்கித் தேங்காய்த் துருவலுடன் வதக்கினர். பழுத்த தோல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் சென்றது. நாம் வாழைப்பூ என்பதை மலாயர் 'ஜந்தோங்', அதாவது இதயம், என அழைத்து அதனைக் 'கெராபு' செய்கின்றனர். அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தை அவர்கள் மாவுடன் பிசைந்து 'செக்கோடோக்' பொரிக்க, நம்மவர் அதையே பணியார மாவில் கலந்தனர். அண்டை வீடுகளின் சமையல் இருவேறு பெயர்களில் ஒரே சிக்கனத்தைக் கடைப்பிடித்தது.

சாம்பலும் வீணாகவில்லை. வாழையில் சாம்பரச் சத்து, அதாவது பொட்டாசியம், மிகுதி. உலர்ந்த தண்டையோ தோலையோ எரித்து, சாம்பலில் நீர் ஊற்றி வடித்தால் காரநீர் கிடைக்கும். அசாம் மக்கள் அதனைச் சமையலில் பயன்படுத்துகின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவில் வாழைத்தோல் சாம்பலைக் கொண்டு கருஞ்சவர்க்காரம் செய்கின்றனர்.

1942 முதல் 1945 வரை

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை வெளிநாடுகளிலிருந்தே பெற்றுவந்தது. கடல்வழி தடைபட்டதும் அரிசிப் பங்கீடு சுருங்கியது. மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் முதன்மை உணவாயின. சவர்க்காரமும் துணியும் அரிதாயின. ஆட்சியாளர் வெளியிட்ட பத்து டாலர் தாளில் வாழை அச்சிடப்பட்டிருந்தமையால் மக்கள் அப்பணத்தை 'வாழைமர நோட்டு' என்றழைத்தனர். அளவின்றி அச்சிடப்பட்ட அத்தாள் மதிப்பிழந்துகொண்டே போய், போர் முடிந்ததும் செல்லாக் காசாயிற்று. தாளில் இருந்த வாழையைக் காட்டிலும் கொல்லையில் இருந்த வாழை மதிப்புடையதாக விளங்கிய காலம் அது.

அக்காலத்தை வாழ்ந்து கடந்தோர் பலர், தண்டும் பூவும் காயின் தோலும் கறியான கதையைச் சொல்லிச் சென்றுள்ளனர். இங்கு நாம் ஒன்றை மறைத்தல் கூடாது. தண்டிலும் பூவிலும் இருப்பது பெரும்பாலும் நீரும் நாருமே. அவை அரிசிக்கு ஈடாகா. கிழங்கையே நம்பி வாழ்ந்தோரிடம் சத்துக்குறைவும் 'பெரிபெரி' நோயும் பரவின. வீட்டுச் சிக்கனம் ஒரு குடும்பத்தின் தட்டை ஓரளவு நிரப்பியது. பஞ்சத்தை அது வெல்லவில்லை. மேலும் அதற்கு ஒரு துண்டு நிலம் தேவைப்பட்டது. நகரத்துக் கடைவீடுகளின் மேல்மாடியில் நெருக்கமாகக் குடியிருந்தோருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

தோட்டங்களின் நிலையோ வேறொரு வகையில் கொடியது. 1942 முதல் 1943 வரை அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் நீளமான சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். மிகப் பலர் மீளவில்லை. சம்பாதிப்பவரை இழந்த லயங்களில் எஞ்சியோரைக் காக்கும் பொறுப்பு பெண்கள்மேல் விழுந்தது. போர்க்கால வரலாற்றில் இவர்களது பெயர்கள் இல்லை. எதைத் தின்னலாம், எதன் கசப்பை எவ்வாறு நீக்கலாம், எதைக் கொண்டு எதைக் கட்டலாம் என்னும் அவர்களது அறிவே பல வீடுகளைத் தாங்கியது. அவ்வறிவு பசி வந்த நாளில் புதிதாகக் கற்றதன்று. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்து கூலி குறைக்கப்பட்டபோதும், அதற்கு முன்னரும், அன்றாடப் பழக்கமாகக் கையில் இருந்ததாலேயே அது அவ்வேளையில் உதவிற்று.

இக்காரணத்தால், 'முன்னோர் எவ்வளவு சிக்கனமாக வாழ்ந்தனர்' என்று மட்டும் புகழ்ந்து நிறுத்துவது வரலாற்றுக்கு நீதியாகாது. அச்சிக்கனத்தின் ஒரு பாதி அறிவு. மறு பாதி போதாத கூலி. இரண்டையும் சேர்த்தே மாணவருக்குச் சொல்லுதல் வேண்டும்.

இன்றைய வீட்டில்

இன்று நம்முள் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். தண்டும் நாரும் கைக்கு எட்டுவதில்லை. எட்டுவது பழமும் தோலுமே. ஒரு பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலாகும். தோலை நீரில் ஊறவைத்து அந்நீரைச் செடிக்கு ஊற்றினால் போதும் என்னும் அறிவுரை இப்போது பரவலாக வழங்குகிறது. தோலில் சாம்பரச் சத்து உண்டு, தழைச்சத்தோ குறைவு. ஆகவே அது தனித்து முழு உரமாகாது. மூடியில்லாத கலத்தில் நீர் தேங்கினால் கொசுவும் பெருகும். தோலைச் சிறு துண்டுகளாக்கிக் காய்கறிக் கழிவுடனும் உலர்ந்த இலையுடனும் மண்ணில் மட்கவைப்பதே பயன்தரும் வழியாகும்.

பயன்பாடு குறையும்போது சொல்லும் குறைகிறது. பூவை நாரில் தொடுக்காத மாணவருக்கு அப்பழமொழி மனப்பாடப் பகுதியாகவே நின்றுவிடுகிறது. 'கள்ளன்', 'பொடிமட்டை', 'சருகு' ஆகியவை எந்தத் தேர்வுத்தாளிலும் வருவதில்லை. ஆசிரியர்கள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். ஒரு வாழையை வரையச் செய்து, அதன் உறுப்புகளுக்கு வீட்டுப் பெரியோர் வழங்கும் சொற்களை மாணவர் கேட்டு எழுதிவரட்டும். அண்டை வீட்டு மலாய்ச் சொற்களையும் அருகில் குறிக்கட்டும். சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணி, ஜப்பானியர் ஆட்சியை வாழ்ந்தோரின் குரல்களைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. உயர்நிலை மாணவர் அவற்றைக் கேட்டுக் குறிப்பெடுக்கலாம். அக்காலத்தில் அடுக்களையை நடத்திய பெண்கள் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் அருகில் அமர்ந்து பூவிதழ் பிரித்த சிறுவரே இப்போது மூத்த தலைமுறையினராக உள்ளனர். அவர்களிடம் கேட்க வேண்டியவற்றை இவ்வாண்டே கேட்டு எழுதிவைப்போம்.