ஒரே பெயர் இருந்த படிவம்

2023 பிப்ரவரியில், ஈரோடு கிழக்குத் தொகுதி இடைத்தேர்தல் பரபரப்பின் நடுவே பன்னீர்செல்வம் பூங்கா அருகே ஒரு தேநீர்க் கடையில் நின்றிருந்தேன். ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் முதியவர் ஒருவர், யாருடைய கேள்விக்கும் பதிலாக இன்றித் தாமாகவே சொன்னார்: “ஓட்டு நம்முளுதுங்க. ஆள் யாருன்னு சொல்றது மட்டும் அவங்குளுது.” கூடியிருந்தவர்கள் சிரித்தனர். எனக்கு அது சிரிப்பாகத் தோன்றவில்லை. இந்தியத் தேர்தல் முறையின் ஒரு பெரும் இடைவெளியை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டதாகவே பட்டது.

அமெரிக்காவில் மாகாண ஆளுநர் தேர்தல் நடைபெறும்போதெல்லாம் அந்த வரி என் நினைவுக்கு வரும். நம் அரசமைப்பின் 155-ஆவது கூறின்படி ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அங்கே ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகத் தலைவர். நம் முதலமைச்சருக்கு நிகரானவர். அப்பதவிக்கான போட்டி இரண்டு கட்டங்களாக நடைபெறுகிறது. பொதுத் தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே, ஒவ்வொரு கட்சியின் சார்பிலும் யார் நிற்பது என்பதை வாக்காளர்களே வாக்களித்து முடிவு செய்கின்றனர். அந்த முதற்கட்டம்தான் ‘பிரைமரி’ எனப்படும் உட்கட்சி முதன்மைத் தேர்தல்.

அமெரிக்க அனுபவம்

இம்முறை அங்கும் தொடக்கம் முதலே இருந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்சி மாநாடுகளில் கூடிய சிலரே வேட்பாளர்களை முடிவு செய்தனர். அவர்களின் பிடியை உடைக்கப் போராடியவர்களுள் முதன்மையானவர் விஸ்கான்சின் மாகாண ஆளுநர் இராபர்ட் லா ஃபாலட். 1903-இல் அங்கு நிறைவேறிய சட்டம், வேட்பாளர் தேர்வை வாக்காளரிடம் ஒப்படைத்தது. பின்னர் பிற மாகாணங்களும் தத்தமக்கு ஏற்ற வடிவில் அதைப் பின்பற்றின. சில மாகாணங்களில் அந்தந்தக் கட்சியின் வாக்காளராகப் பதிந்தவர்கள் மட்டுமே பங்கேற்கலாம். வேறு சிலவற்றில் எவரும் பங்கேற்கலாம். கலிஃபோர்னியா 2012 முதல் எல்லாக் கட்சியினரையும் ஒரே பட்டியலில் நிறுத்தி, முதலிரு இடங்களைப் பெறுவோரைப் பொதுத் தேர்தலுக்கு அனுப்புகிறது. அவ்விருவரும் ஒரே கட்சியினராகவும் இருக்கலாம்.

இம்முறை குறையற்றது என்று நான் சொல்லமாட்டேன். இரு முறை பிரச்சாரம் என்றால் இரு மடங்குச் செலவு. முதற்கட்டத்தில் குறைவானவர்களே வாக்களிப்பதால் தீவிரக் கருத்துடையோரின் குரல் ஓங்கிவிடுவதும் உண்டு. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது: ஒருவர் ஏன் வேட்பாளரானார் என்ற கேள்விக்கு அங்கே எண்களில் விடை இருக்கிறது.

நம் முறை

இங்கே அக்கேள்விக்குரிய விடை, கட்சித் தலைமையின் கையொப்பத்தில் இருக்கிறது. ஒருவர் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் சின்னத்தில் போட்டியிட, ‘ஏ’, ‘பி’ என்னும் இரு படிவங்கள் தேவை. கட்சியின் சார்பில் கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவர் யார் என்பதை முதலாவது படிவமும், அவர் நிறுத்தும் வேட்பாளர் யார் என்பதை இரண்டாவது படிவமும் தேர்தல் அலுவலருக்குத் தெரிவிக்கின்றன. அந்தக் கையொப்பத்துக்கு முந்தைய நடைமுறை எதுவாக இருக்க வேண்டும் என்று சட்டம் எதையும் சொல்லவில்லை.

நடைமுறையில் இருப்பவை விருப்ப மனுவும் நேர்காணலும். 2021 பேரவைத் தேர்தலின்போது திமுகவில் பொதுத் தொகுதிக்கான விருப்ப மனுக் கட்டணம் 25,000 ரூபாய். அதிமுகவில் 15,000 ரூபாய். அவ்வாண்டு அதிமுகவில் மனு அளித்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மார்ச் 4 அன்று ஒரே நாளில் நேர்காணல் நடந்தது. ஒரே நாளில் அத்தனை பேரின் தகுதியை எடைபோட இயலாது என்பதை அறிய அரசியல் ஞானம் தேவையில்லை. முடிவு வேறெங்கோ எடுக்கப்படுகிறது; நேர்காணல் அதற்கான சடங்கு. இது ஒரு கட்சியின் குறை மட்டுமன்று. இங்குள்ள ஏறத்தாழ எல்லாக் கட்சிகளிலும் இறுதிப் பட்டியல் தலைமையிடமிருந்தே வருகிறது.

93-க்கு 41

கொங்கு நாட்டின் வரலாற்றிலேயே இதற்கு மாறான காட்சி ஒன்று உண்டு. 1954-இல் குலக்கல்வித் திட்டம் எழுப்பிய எதிர்ப்பின் பின்னணியில் முதலமைச்சர் ராஜாஜி பதவி விலக முடிவு செய்தார். அடுத்தவர் யார் என்பதைக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி வாக்கெடுப்பில் தீர்மானித்தது. ஒருபுறம் காமராஜர், மறுபுறம், பொள்ளாச்சி அருகேயுள்ள செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.சுப்பிரமணியம். சி.எஸ்ஸின் பெயரை முன்மொழிந்தவர் எம்.பக்தவத்சலம். மார்ச் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் காமராஜர் 93 வாக்குகளும் சி.எஸ். 41 வாக்குகளும் பெற்றனர்.

அதன் பிறகு நடந்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி.எஸ்ஸையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராஜர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். நிதி, கல்வி ஆகிய துறைகள் சி.எஸ். வசம் இருந்தன. அந்த அமைச்சரவையின் கல்விச் சாதனைகளில் தோற்றவருக்கும் பங்கு உண்டு. பின்னர் மத்திய உணவு அமைச்சராகப் பசுமைப் புரட்சிக்கு அடித்தளமிட்டார். 1998-இல் பாரத ரத்னா பெற்றார். உட்கட்சிப் போட்டியில் தோற்பது அரசியல் மரணமன்று என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தமிழ்நாட்டில் குறைவு. என் தாத்தா தலைமுறையைச் சேர்ந்த பொள்ளாச்சிக்காரர்கள் இந்தத் தோல்வியைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. “நின்னு தோத்தாருங்க” என்றே பெருமையாகச் சொல்வர்.

1954-இல் வாக்களித்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களே, பொதுமக்கள் அல்லர். ஆனால் இரண்டு பெயர்கள் இருந்தன. எண்ணிக்கை வெளியே தெரிந்தது. தோற்றவருக்கு இடம் இருந்தது. ஓர் உட்கட்சித் தேர்தல் உண்மையானதா என்பதைச் சோதிக்க இம்மூன்றும் போதுமான அளவுகோல்கள்.

நீதிமன்றம் நடத்திய ‘பிரைமரி’

அறுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அதே கொங்கு மண்ணில் இந்த அளவுகோல்கள் மீண்டும் சோதனைக்கு வந்தன. ஈரோடு கிழக்குத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் திருமகன் ஈவெரா 2023 ஜனவரி 4 அன்று மறைந்ததால் இடைத்தேர்தல் வந்தது. அப்போது அதிமுகவில் எடப்பாடி பழனிசாமிக்கும் ஓ.பன்னீர்செல்வத்துக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. பழனிசாமி தரப்பு கே.எஸ்.தென்னரசுவையும், பன்னீர்செல்வம் தரப்பு செந்தில் முருகனையும் அறிவித்தன. வேட்பாளர் படிவத்தில் யாருடைய கையொப்பம் செல்லும் என்ற குழப்பத்தில் இரட்டை இலைச் சின்னமே கேள்விக்குள்ளானது.

பிப்ரவரி 3 அன்று நீதிபதிகள் தினேஷ் மகேஷ்வரி, ஹிருஷிகேஷ் ராய் அமர்வு ஓர் இடைக்கால ஏற்பாட்டைச் செய்தது. கட்சியிலிருந்து நீக்கப்பட்ட பன்னீர்செல்வம் உள்ளிட்டோரையும் சேர்த்து, பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவரிடமும் கடிதம் வழியே கருத்துப் பெற்று வேட்பாளரை முடிவு செய்ய வேண்டும். முடிவை அவைத்தலைவர் தமிழ்மகன் உசேன் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. வேட்புமனுவுக்கு எஞ்சியிருந்தவை நான்கே நாட்கள்.

ஒரு தொகுதியின் வேட்பாளரை ஆயிரக்கணக்கான கட்சிப் பிரதிநிதிகள் வாக்களித்து முடிவு செய்யும் நிகழ்வு தமிழக அரசியலில் அரிது. அந்த அளவில் அது வரவேற்கத்தக்கது. ஆனால் உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்ட படிவத்தில் தென்னரசு என்ற ஒரு பெயரே இருந்தது. அவரை ஏற்கிறீர்களா, இல்லையா என்பதே கேள்வி. மாற்றுப் பெயருக்கு இடமில்லை என்று கூறிப் பன்னீர்செல்வம் தரப்பு அதைப் புறக்கணித்தது. தென்னரசுவுக்கு 2,501 பேரின் ஆதரவு கிடைத்ததாக ஆணையத்திடம் தெரிவிக்கப்பட்டது. செந்தில் முருகன் போட்டியிலிருந்து விலகினார்.

பிப்ரவரி 27-இல் வாக்குப்பதிவு; மார்ச் 2-இல் முடிவு. காங்கிரஸின் ஈ.வெ.கி.ச.இளங்கோவன் 1,10,156 வாக்குகள் பெற்றார். தென்னரசு பெற்றவை 43,923. ஆளுங்கட்சி இடைத்தேர்தலில் வெல்வது வழக்கம்தான்; பணப் பட்டுவாடா பற்றிய புகார்களும் அத்தேர்தலில் நிறைய எழுந்தன. எனவே ஒற்றைப் பெயர்ப் படிவத்தால்தான் அக்கட்சி தோற்றது என நான் வாதிடவில்லை. பொதுக்குழுவின் ஏறத்தாழ ஒருமித்த ஆதரவுக்கும் தொகுதி மக்களின் மனநிலைக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கக்கூடும் என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன என்றே சொல்கிறேன்.

தலைமைக்கான போட்டி

இதே கேள்வி முதலமைச்சர் நாற்காலிக்கும் பொருந்தும். 2017 பிப்ரவரியில் சசிகலாவுக்கு எதிரான தீர்ப்பு வந்த அன்றே, கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்த உறுப்பினர்கள் பழனிசாமியைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். பிப்ரவரி 18-இல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அவருக்கு ஆதரவாக 122 பேரும் எதிராக 11 பேரும் வாக்களித்தனர். ரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கையைப் பேரவைத் தலைவர் ப.தனபால் ஏற்கவில்லை.

1972-இல் எம்.ஜி.ஆர். அதிமுகவைத் தொடங்கியபோது, பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பர் என்ற விதி வகுக்கப்பட்டது. கருத்தளவில் அது அமெரிக்க முதன்மைத் தேர்தலுக்கு மிக நெருக்கமானது. ஆனால் 2022 ஜூலை 11 பொதுக்குழு, அப்பதவிக்குப் போட்டியிடுபவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியவும் பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும் என்றது. தலைமைக் கழக நிர்வாகியாக ஐந்தாண்டுகள் இருந்திருக்கவும் வேண்டும். 2023 மார்ச் 28-இல் பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். திமுக தலைவராக மு.க.ஸ்டாலின் 2018-இலும் 2022-இலும் போட்டியின்றியே தேர்வானார். நேர்மாறாக, 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். தலைமையின் மனம் எந்தப் பக்கம் என்பது ஊரறிந்த ரகசியமாக இருந்தபோதும், எதிர்த்து விழுந்த அந்த 1,072 வாக்குகளுக்கு மதிப்பு உண்டு.

எதிர்க்குரலுக்குக் கட்சிக்குள் இடமில்லாதபோது அது வெளியேறுகிறது. 1977-இல் முதன்முறையாகப் பேரவைக்குச் சென்ற கோபிச்செட்டிபாளையம் கே.ஏ.செங்கோட்டையன், கட்சி ஒருங்கிணைப்பைப் பகிரங்கமாக வலியுறுத்திய சில வாரங்களில், 2025 அக்டோபரில், அதிமுகவிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த மாதமே தமிழக வெற்றிக் கழகத்தில் இணைந்தார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். அக்கருத்து வேறுபாட்டை எண்ணிப் பார்க்க ஒரு வாக்குப்பெட்டி கட்சிக்குள் இல்லை என்பதே என் கவலை.

சாதியும் பணமும்

உட்கட்சித் தேர்தல் வந்தால் கொங்குப் பகுதியில் எண்ணிக்கையும் நிலமும் செல்வமும் உடைய சமூகமே எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்ளும் என்று நண்பர்கள் எச்சரிப்பதுண்டு. அந்த அச்சம் நியாயமானது. அருந்ததியர், நெசவாளர், சாயப்பட்டறை, பின்னலாடைத் தொழிலாளர் ஆகியோரின் குரல் உறுப்பினர் பட்டியலிலேயே அமுங்கிப்போகக்கூடும். போலி உறுப்பினர் சேர்க்கையும், உறுப்பினர் வாக்குக்கே விலை பேசுவதும் நிகழலாம்.

இந்திய முன்னோட்டங்களும் எச்சரிக்கின்றன. 2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் சில தொகுதிகளில் இம்முறையைச் சோதித்தது. வடோதராவில் அவ்வாறு தேர்வான நரேந்திர ராவத், நரேந்திர மோடி அங்கு போட்டியிடுவது உறுதியானதும் மதுசூதன் மிஸ்திரிக்கு வழிவிட்டார். 2022-இல் பஞ்சாபில் ஆம் ஆத்மி, தொலைபேசிவழிக் கருத்துக்கேட்பில் 93 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு கிடைத்ததாகக் கூறி பகவந்த் மானை முதலமைச்சர் வேட்பாளராக அறிவித்தது. எண்ணிக்கையைக் கட்சியே செய்தது, சரிபார்க்க எவருமில்லை.

ஆயினும், இப்போதைய மூடிய முறை இக்குறைகளிலிருந்து விடுபட்டதா? சாதிக் கணக்கும் செலவுசெய்யும் திறனும்தான் இன்றும் வேட்பாளரைத் தீர்மானிக்கின்றன. அது கதவுக்குப் பின்னால் நடப்பதால் நாம் கேள்வி கேட்க முடிவதில்லை என்பதே வேறுபாடு.

செய்யக்கூடியவை

1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கொறடாவின் ஆணையை மீறும் உறுப்பினர் பதவி இழக்க நேரிடும். அவையில் தனித்துப் பேசும் உரிமை சுருங்கிவிட்ட நிலையில், வேட்பாளர் தேர்வில் தொகுதியின் குரல் ஒலிப்பது முன்னிலும் அவசியமாகிறது. உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கச் சட்ட ஆணையத்தின் 170-ஆவது அறிக்கை 1999-இலேயே பரிந்துரைத்தது. உட்கட்சித் தேர்தலைச் சரிவர நடத்தாத காரணத்துக்காக ஒரு கட்சியின் பதிவை நீக்கும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்பதே 2002-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவு. ஆகவே நாடாளுமன்றம்தான் வழிகாண வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உள்ளன. ஒவ்வொரு தொகுதிக்கும் விருப்ப மனு அளித்தோர் பட்டியலைக் கட்சிகள் வெளியிடலாம். அத்தொகுதியின் ஒன்றிய, நகர, கிளை நிர்வாகிகளிடமாவது, குறைந்தது இரு பெயர்களை வைத்து, ரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம். முடிவைத் தலைமை மாற்ற விரும்பினால் காரணத்தைச் சொல்லலாம். பின்தங்கிய குரல்களுக்கும் பெண்களுக்கும் தனி ஒதுக்கீட்டை அதற்குள்ளேயே அமைக்கலாம். முழுமையான முதன்மைத் தேர்தல் நாளையே வந்துவிடாது. ஆனால் ஒற்றைப் பெயர்ப் படிவத்தில் இரண்டாவது பெயரைச் சேர்க்கப் பெருஞ்செலவு ஆகாது.

ஈரோட்டு முதியவர் அன்று பேசி முடித்ததும் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, தம் வாக்காளர் சீட்டு சட்டைப்பையில் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவரிடம் இருந்த உரிமை அது ஒன்றே. அதற்கு முந்தைய கட்டத்திலும் அவரைப் போன்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கும் கட்சியே, கொங்கு நாட்டில் மட்டுமன்று, தமிழ்நாடெங்கும் புதிய அரசியல் என்ற சொல்லுக்கு உரிமை கோர முடியும்.