முயலா, சீமைப் பெருச்சாளியா?

போன ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பேத்தி ஆவடியிலிருந்து வந்திருந்தாள். வந்த இரண்டாம் நாள் காலை, நான் பேப்பரை மடித்து வைப்பதற்குக் காத்திருந்து கேட்டாள்: "தாத்தா, முயல் வாங்கலாமா, கினி பிக் வாங்கலாமா? தாத்தா எது சொல்றாரோ அதுதான்னு அப்பா சொல்லிட்டாரு."

மாப்பிள்ளை கெட்டிக்காரர். முடிவை என் தலையில் கட்டிவிட்டு அலுவலகம் போய்விட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம் இருந்தது. 2020 மே மாதம் கோயம்பேடு மொத்தச் சந்தையைத் தற்காலிகமாக எங்கள் திருமழிசைக்கு மாற்றினார்களே, வாசகர்களுக்கு நினைவிருக்கும். மழை பெய்தால் முழங்கால் சேறு. செப்டம்பர் கடைசியில் கோயம்பேடு மறுபடி திறக்கும் வரை லாரிச் சத்தத்தில்தான் தூங்கினோம். ஊரடங்கில் மகளும் பேத்தியும் எங்களோடு இருந்தார்கள். குழந்தைக்கு ஐந்து வயது, வெளியே விளையாட வழியில்லை. யாரோ கொடுத்தார்கள் என்று மாப்பிள்ளை ஒரு வெள்ளை முயலைக் கொண்டுவந்தார். சந்தையில் மூட்டை தூக்கிய பக்கத்துத் தெருக்காரர் தினமும் ஒரு பை முட்டைக்கோஸ் மேலிலை கொண்டுவந்து கொடுப்பார். முயல் தின்னத் தின்ன எங்களுக்கு ஆனந்தம். முட்டைக்கோஸை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் முயலுக்கு வயிறு உப்பும் என்பது யாருக்கும் தெரியவில்லை. கூண்டை வைத்திருந்தது மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே. மறு வருஷம் மே மாதம் ஒரு நாள் மாலை போய்ப் பார்த்தேன். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு கிடந்தது. முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, காது வழியாகத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். அந்த ஷீட்டுக் கொட்டகையில் காது என்ன செய்யும்? பேத்தியிடம், தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஆகவே இந்த முறை, தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்று அவளிடம் இரண்டு நாள் தவணை வாங்கினேன். குமாஸ்தா புத்தி. கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுத மாட்டேன்.

முதலில் பெயர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்த விஷயத்தில் அந்த மொழி ஒரு உபகாரம் செய்கிறது. காட்டில் ஓடுவது 'லியேவ்ர்', கூண்டில் வளர்வது 'லப்பேன்'. இரண்டும் வேறு வேறு பிராணிகள். தமிழில் இரண்டுக்கும் முயல் என்ற ஒரே சொல்தான். ஆமையோடு ஓடித் தோற்றதும், பஞ்சதந்திரத்தில் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளியதும், நிலாவில் கறையாக உட்கார்ந்திருப்பதும் எல்லாம் நம் காட்டு முயல். அது வளை தோண்டாது. புல் மறைவில் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். குட்டி பிறக்கும்போதே உடம்பில் மயிர், கண் திறந்திருக்கும். திருமழிசையைச் சுற்றி வயலாக இருந்த நாளில் அறுப்பு முடிந்த கழனியில் அது ஓடுவதைப் பார்த்ததாக என் மனைவி சொல்வாள். 1972-ஆம் வருஷ வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதைப் பிடிப்பதும் குற்றம், வளர்ப்பதும் குற்றம்.

கடையில் விற்கும் வெள்ளை முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அது வளை தோண்டும் சாதி. குட்டி அம்மணமாக, கண் மூடிப் பிறக்கும். நம் கதைகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நியாயமாக இதைச் சீமை முயல் என்றுதான் சொல்லவேண்டும், பழைய ஆட்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

இன்னொன்றின் பெயர்தான் வேடிக்கை. பிரெஞ்சில் அதற்கு 'கொஷோன் தேந்த்', அதாவது இந்தியப் பன்றி. வகுப்பில் முசியே படத்தைக் காட்டி இந்தப் பெயரைச் சொன்னபோது பக்கத்துப் பையன் என் காதில், "நம்ம ஊர்ல இது எங்கடா இருக்கு?" என்று கேட்டான். எனக்கும் அதே சந்தேகம். விடை பல வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. கொலம்பஸ் போய்ச் சேர்ந்த இடத்தை இந்தியா என்று நினைத்தாரே, அந்தத் தவறின் மிச்சம். வான்கோழிக்கும் பிரெஞ்சில் இதே கதைதான். அந்தப் பிராணி தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வீட்டில் வளர்த்தது. வளர்த்தது கொஞ்சுவதற்கு அல்ல, தின்பதற்கு. பெருவில் இன்றும் விருந்துச் சாப்பாடு அது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தில் கினி நாட்டுப் பன்றி என்றார்கள். கினி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஜெர்மானியர் சின்னக் கடற்பன்றி என்றார்கள். தண்ணீரில் விட்டால் பாவம், தவித்துப்போகும். எலிக்கும் அணிலுக்கும் உறவே தவிரப் பன்றியும் அல்ல.

நம் ஆட்கள் சீமைப் பெருச்சாளி என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோது 'சீமை' என்று போட்டுவிடுவது நம் வழக்கம். சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமைக் கருவேலம் மாதிரி. உள்ளதில் நாணயமான பெயர் இதுதான் என்பது என் கட்சி. வெளியூர்ச் சரக்கு, பார்க்கப் பெருச்சாளி போல இருக்கிறது. அவ்வளவுதானே தெரியும், அதை மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நாணயமான பெயர்தான் வீட்டில் எனக்கு எதிரியானது. மனைவி கேட்டாள்: "பெருச்சாளியைக் காசு கொடுத்து வாங்குவாங்களா? பிள்ளையாருக்குச் சரி. நம்ம வீட்டுக்கு வேண்டாங்க."

வாதாடவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு கதை சொல்ல வேண்டியிருந்தது. அதன் ஒரு முனை அவளுடைய அப்பா.

சீமை முயலும் சீமைப் பெருச்சாளியும் நம் நாட்டு அரசாங்கத்துக்குப் பழக்கமானது செல்லப் பிராணிகளாக அல்ல, ஆய்வகத்துப் பிராணிகளாக. வழிகாட்டியது ஐரோப்பா. பிரெஞ்சுக்கார லவாய்சியே 1780-களில் சுற்றிலும் பனிக்கட்டி அடைத்த பாத்திரத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்து, உருகிய தண்ணீரை அளந்து, அதன் உடம்புச் சூட்டைக் கணக்கிட்டார். மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தான் என்பதற்கு அது ஆதாரம். (கினிப்பன்றி பிழைத்தது. லவாய்சியேயின் தலையைத்தான் 1794-இல் புரட்சிக்காரர்கள் வெட்டினார்கள்.) 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை மெய்ப்பித்தது கினிப்பன்றிகளை வைத்து. 1885-இல் பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு பையனுக்குப் போட்ட தடுப்பு மருந்து, முயலின் தண்டுவடத்தை உலர்த்தி எடுத்தது. அவர் பெயரால் நம் குன்னூரில் 1907-இல் ஒரு நிலையம் வந்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். அந்த ஊசி மருந்து பிற்காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து செய்தது.

அதே 1907-இல் நார்வேயில் இருவர் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கப்பல்காரர்களுக்கு வரும் ஈறு நோய் அவற்றுக்கும் வந்தது. பெரும்பாலான பிராணிகள் வைட்டமின் சி-யை உடம்பிலேயே செய்துகொள்ளும். மனிதனும் கினிப்பன்றியும் செய்ய முடியாத சிறுபான்மை. இதை மறக்காதீர்கள், பின்னால் வருகிறது.

இப்போது என் மாமனார். பெரம்பூரில் மில் வேலை. 1958 வாக்கில் இருமலில் ரத்தம் வந்தது. அன்றைக்குக் காசம் என்றால் சானடோரியம், வீட்டை விட்டு மாதக்கணக்கில் பிரிவு, சம்பளம் கிடையாது. ஆனால் சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். அங்கே ஒரு பெரிய கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள்: நோயாளி சானடோரியத்தில் இருந்துதான் ஆகவேண்டுமா, வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதாதா? ஐசோனியசிடும் பாஸ் என்ற மருந்தும் ஒரு வருஷம் சாப்பிட வேண்டும். திடீரென்று வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரையும் சோதிப்பார்கள். 1959-இல் முடிவு வெளியானது. ஒண்டுக் குடித்தனத்தில், அரை வயிற்றுச் சாப்பாட்டில் இருந்த சென்னை ஏழைகளும் வீட்டிலிருந்தே ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் சேத்துப்பட்டு ஒரு முக்கியக் காரணம். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ரயில் நிலையத்தின் பெயரில் இன்னும் சானடோரியம் இருக்கிறது.

என் மாமனாரும் வீட்டிலிருந்துதான் மாத்திரை சாப்பிட்டார். என் மனைவிக்கு அப்போது ஐந்து வயது. அதே ஒற்றை அறையில்தான் படுத்திருந்தாள். பாஸ் மருந்தின் குமட்டலில் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைப்பார் என்பது மட்டும் அவளுக்கு ஞாபகம். அதற்குப் பிறகு அவர் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். எங்கள் கல்யாணத்தை நடத்திவைத்ததும் அவர்தான்.

"அந்தச் சென்னை நோயாளிங்க கிட்ட எடுத்த கிருமியையும் கினிப்பன்றிக்குத்தான் செலுத்திப் பார்த்தாங்க" என்றேன். அது நடந்த விஷயம். பிரிட்டன் நோயாளிகளின் கிருமியோடு ஒப்பிட்டபோது, தென்னிந்தியக் கிருமிகள் பலவும் கினிப்பன்றியிடம் வீரியம் குறைந்தவையாக இருந்தன. 1968-இல் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. பெரும் ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தபோது, காரணம் தேடியவர்கள் இந்தப் பழைய முடிவையும் புரட்டிப் பார்த்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசினை மனிதனுக்குப் போடுமுன் 1944-இல் அமெரிக்காவில் சோதித்ததும் இந்தப் பிராணியிடம்தான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அரிசி புடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நான் வேலை பார்த்த அலுவலகங்களில் ஒன்றில், ஆய்வகப் பிராணிகளின் தீவன பில்லும் இருப்புப் பதிவேடும் இரண்டு வருஷம் என் மேசையில் இருந்தன. கொண்டைக்கடலை இத்தனை கிலோ, குதிரைமசால் இத்தனை கட்டு. முயல், கினிப்பன்றி என்று தனித்தனிப் பத்தி. எண்ணிக்கை குறைந்தால் எதிரே 'செலவு' என்று எழுதிச் சுருக்கொப்பம் போடவேண்டும். காகிதம், பென்சிலுக்கும் அதே சொல்தான். ஒருமுறைகூட நான் அந்தக் கொட்டகைப் பக்கம் போனதில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் போராடி, 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்து, 1962 முதல் பிராணி நல வாரியம் அவர் தலைமையில் சென்னையிலேயே இயங்கிய காலம் அது. சட்டப் புத்தகம் என் அலமாரியிலும் இருந்தது. படித்ததில்லை.

இரண்டு நாள் தவணை முடிந்தது. பேத்தியை உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். வெயில் இரண்டுக்கும் ஆகாது, எதுவானாலும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழேதான் இருக்கவேண்டும். முயல் எட்டு, பத்து வருஷம் இருக்கும். குதிக்க இடம் வேண்டும், ஒயரைக் கடிக்கும், தூக்கினால் பிடிக்காது. உதறிக்கொண்டு உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம். கினிப்பன்றி ஐந்து முதல் ஏழு வருஷம். குதிக்காது, ஏறாது, மடியில் உட்காரும். பேசும். ஆனால் தனியாக வைத்தால் ஏங்கிப்போகும். ஸ்விட்சர்லாந்தில் 2008 முதல் ஒற்றையாக வளர்ப்பது சட்டப்படியே தவறு. தினமும் கொய்யா, குடைமிளகாய், கொத்தமல்லி என்று வைட்டமின் சி கொடுத்தே ஆகவேண்டும். இரண்டுக்கும் முக்கியச் சாப்பாடு காய்ந்த புல்தான், கேரட் இல்லை.

எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்த முயல் செத்துப்போச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும் தாத்தா. கூண்டை நீங்க கழுவி வச்சிருந்தீங்க."

கொளத்தூர்ப் பக்கம் ஒரு கடையில் இரண்டு கினிப்பன்றிகள் வாங்கினோம். "ரெண்டும் பொட்டைங்க சார், கியாரண்டி" என்றான் கடைப் பையன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. பேத்தி ஆவடிக்குப் போனாள், கூண்டு இங்கேயே தங்கியது. நான் எதிர்பார்த்ததுதான். ஜூலை ஒரு விடியற்காலையில் மனைவி என்னை எழுப்பினாள். "என்னங்க, எழுந்து வந்து பாருங்க. மூணு குட்டி. கண்ணைத் திறந்துக்கிட்டே பொறந்திருக்கு, அதுக்குள்ள நடக்குது." கியாரண்டி கொடுத்த பொட்டைகளில் ஒன்று மூலையில் சாவகாசமாகப் புல் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கே அதற்குத் தனிக் கூண்டு கட்டினேன்.

இப்போது அடுக்களையில் பிளாஸ்டிக் பை சரசரத்தாலே கூடத்தில் ஐந்தும் கீச்சென்று கத்துகின்றன. சந்தையில் கொத்தமல்லி கட்டு என்ன விலை விற்றாலும் என் மனைவி இரண்டு கட்டாகத்தான் வாங்குகிறாள். "வரேன், வரேன், கத்தாதீங்கடா பெருச்சாளிங்களா" என்று சொல்லிக்கொண்டே ஒரு கட்டைப் பிரித்து, வேரை நறுக்கிப் போட்டுவிட்டு, தழையைக் கழுவிக்கொண்டு போகிறாள். ரசத்துக்கு மிச்சம் இருந்தால் உண்டு.