ஸ்விக்கி போட்ட கணக்கு

சோறு கொண்டு வர்ற ஸ்விக்கி இல்லைங்க, இவர் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி. கால்டெக்கில் இருந்த சுவிஸ்காரர், பொல்லாத கோபக்காரர்னு பேர். 1933-ல் கோமா கொத்தைப் பற்றிக் கணக்குப் போட்டார். அங்கிருக்கிற கேலக்ஸிகள் ஓடுற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களோட ஈர்ப்பு பத்தவே பத்தாது. கொத்து எப்பவோ சிதறியிருக்கணும். அப்போ கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் ஏதோ பிடிச்சு வைத்திருக்கு என்றார். ரொம்ப வருஷம் யாரும் பெரிசா கண்டுக்கலை.

1936-ல் ஐன்ஸ்டைன், ஒரு நட்சத்திரம் லென்ஸ் மாதிரி இன்னொன்றின் ஒளியை வளைக்கும், ஆனா அதைப் பார்க்க வாய்ப்பில்லை என்று எழுதினார். மறு வருஷமே ஸ்விக்கி, நட்சத்திரத்தை விடுங்க, கேலக்ஸியே லென்ஸ் ஆகும், ஒளி வளையுறதை வைத்து அதை எடையும் போடலாம் என்றார்.

1979-ல், ஒரே குவாசர் இரண்டாகத் தெரிந்தது. முதல் லென்ஸ் சிக்கிடுச்சு! 1980-களில் ஏபெல் 370 கொத்தில் நீளமான ஒளிவில் தெரிந்தது. பின்னாடி இருக்கிற கேலக்ஸியின் பிம்பம்தான் அப்படி இழுபட்டிருக்கு. 1990-ல் டைசன் குழு, பின்புலத்து மங்கல் கேலக்ஸிகளின் லேசான கோணலை எல்லாம் கூட்டி, கரும்பொருளுக்கு வரைபடமே போட்டது.

2006-ல் புல்லட் கொத்து. இரண்டு கொத்துகள் மோதியதில் சூடான வாயு நடுவில் தங்கிடுச்சு. ஆனா லென்ஸ் காட்டின எடையில் பெரும்பகுதி இரு பக்கமும் தள்ளி, கேலக்ஸிகளோட இருந்தது. சாதாரணப் பொருளில் வாயுதான் அதிகம், அப்போ அந்த எடை யாருடையது?

இதில் எதையும் பார்க்க ஸ்விக்கி இல்லை. 1974-லேயே போய்ச் சேர்ந்துட்டார், முதல் லென்ஸுக்கு ஐந்து வருஷம் முன்னாடி. எனக்கு அதுதாங்க மனசு ஆறலை.