ஆணிகளுக்கிடையே ஓடிய பந்து

வரலாறு என்றதும் மன்னர்தம் வாளும் முடியும், கோட்டையும் கல்வெட்டுமே நம் நினைவில் எழுகின்றன. எளிய மக்கள் ஓய்வுப் பொழுதில் கையாண்ட விளையாட்டுப் பொருள்களை வரலாற்றுச் சான்றுகளாக நாம் எண்ணுவதில்லை. பினாங்கின் ஜார்ஜ் டவுன், 2008ஆம் ஆண்டில் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற நகர். அங்குள்ள லோரோங் கூலிட் சந்தையில் பழம்பொருள் தேடுவோர் காலையிலேயே கூடுகின்றனர்; பிறர் வேண்டாமென ஒதுக்கியவற்றுள் பழங்காலத்தைக் காண்கின்றனர். அத்தகைய கண்கொண்டு அமெரிக்க நாட்டுச் சேகரிப்பாளர்கள் போற்றும் பொருள்களுள் ஒன்று, துடுப்பில்லாப் பழைய பின்பால் பொறியாகும்.

இப்பொறியின் மூதாதை, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மேட்டுக்குடியினர் ஆடிய பகட்டெல் என்னும் ஆட்டம். ஆணிகள் அறைந்த சாய்பலகையில் கோலால் பந்தைத் தள்ளிக் குழிகளில் விழச்செய்வர். 1871ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரில் வாழ்ந்த மான்டேகு ரெட்கிரேவ் என்பார், கோலுக்கு மாற்றாகச் சுருள்வில் பொருத்திய உந்துதண்டை அமைத்துக் காப்புரிமை பெற்றார். அரண்மனை ஆட்டம் கடைத்தெருவுக்கு வருதற்கு அதுவே வழிவகுத்தது.

1931ஆம் ஆண்டில் சிக்காகோ நகரின் டேவிட் காட்லீப், 'பேஃபிள் பால்' என்னும் பொறியை 17.50 டாலர் விலையில் விற்றார். ஒரு சென்ட் காசு இட்டால் சில பந்துகள் கிட்டும். உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து நின்றோர்க்கு அஃது எட்டக்கூடிய களிப்பாயிற்று. அதே ஆண்டுகளில் மலாயாவில் இரப்பர் விலை வீழ்ந்தது. தோட்டங்களில் வேலையிழந்த தமிழர் பல்லாயிரவர் பினாங்குத் துறைமுகத்தினின்றும் தாயகத்திற்குக் கப்பலேற்றப்பட்டனர். ஒரே துன்பக் காற்று இரு கரைகளிலும் வீசியது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, அப்பொறியின் இயல்பை நோக்குவோம். ஆடுவோர் உந்துதண்டை இழுத்து விடுவர். பந்து மேலேறி, வளைவில் திரும்பி, ஆணிகளில் மோதி மோதிக் கீழிறங்கும். அதனை மீண்டும் மேலே அடிக்கத் துடுப்பு இல்லை. இழுக்கும் அளவும், பொறியை மெல்லத் தட்டும் நயமுமே ஆடுவோர் கைவசம் உள்ளவை. மிகுதியாக அசைப்போரைத் தடுக்கவே, 1930களில் ஹாரி வில்லியம்ஸ் 'டில்ட்' என்னும் அமைப்பை உருவாக்கினார். ஓர் ஆணி சற்றே சாய்ந்தாலும் பந்தின் போக்கு மாறும். ஆதலின் சேகரிப்பாளர்கள் பழைய ஆணிகளின் நிலையைக் கூர்ந்து நோக்குகின்றனர். வண்ணம் மங்கிய பலகையையும் புதுப்பூச்சால் மறைக்கத் தயங்குகின்றனர். அது மறைந்தால் பழமையின் சான்றும் மறையுமன்றோ!

ஆயினும், சட்டத்தின் கண்ணுக்கு இது வெறும் சூதாகவே தோன்றியது. 1942ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத் தலைவர் லகார்டியா இப்பொறிகளைத் தடைசெய்தார். பறிமுதலான பொறிகள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன. அவை யாவும் துடுப்பில்லாப் பொறிகளே. 1947ஆம் ஆண்டில் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' ஆறு துடுப்புகளுடன் வெளிவந்தது. வீழும் பந்தை மீட்கும் ஆற்றல் ஆடுவோர்க்குக் கிட்டியது. 1976ஆம் ஆண்டில் ரோஜர் ஷார்ப் என்பார், பந்து செல்லவிருக்கும் வழியை முன்கூட்டியே சொல்லி, நகர மன்றத்தார்முன் ஆடிக் காட்டினார். இது திறனாட்டமே என மன்றத்தார் ஏற்க, தடை நீங்கிற்று. உடைந்துபோன பழம்பொறிகளோ மீளவில்லை.

ஒரு காலம் இழிவென்று உடைத்ததை மற்றொரு காலம் அருமையென்று தேடுகின்றது. இதனின்றும் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. நம் இல்லங்களில் பதினான்கு குழிகளுடைய பல்லாங்குழிப் பலகை இருந்தது. மலாய் இல்லங்களில் அதன் உறவான சொங்காக் இருந்தது. சோழியும் புளியங்கொட்டையும் எண்ணிய கைகள் ஓய்ந்தன. பலகைகளும் பல வீடுகளில் காணாமற் போயின. அவற்றை உடைக்க ஒருவரும் சம்மட்டி ஏந்தவில்லை. நம் புறக்கணிப்பே போதுமானதாயிற்று.

ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரிடம் ஒரு சிறு பணியைத் தரலாம்: பாட்டியாரிடம் சென்று, "நீங்கள் எதை வைத்து விளையாடினீர்கள்?" என்று கேட்கச் செய்யலாம். அவ்விடை ஏட்டில் ஏறும் நாளில், அவ்வீட்டின் வரலாறும் எழுதப்பெறத் தொடங்கும்.