விண்டோஸ் மேம்பாடு பாதியில் நின்றுவிட்டதா? கோப்புகளை இழக்காமல் கணினியை மீட்பது எப்படி?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. அதனால் பல வீடுகளில் பழைய கணினிகளை விண்டோஸ் 11க்கு மாற்றும் வேலை நடக்கிறது. சிலருக்கு அது பாதியிலேயே நின்று, திரை கறுப்பாகிவிடுகிறது.

கேமரன் மலையின் போ, ஃபேர்லி, சுங்கை பலாஸ் போன்ற தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் தலைவலி. பழுதுபார்க்கும் கடைக்குத் தோட்டச் சாலையில் இறங்கித்தான் போகவேண்டும். அண்ணனின் எஸ்.பி.எம். பாடக்குறிப்பு, தங்கையின் பள்ளி வேலை, தாத்தாவின் படங்கள் என எல்லாம் ஒரே கணினியில் இருக்கும். கணினியை வேறு வாங்கலாம், படங்களை வாங்க முடியாது. அதனால் முதலில் கோப்புகள், பிறகுதான் கணினி.

உடனே என்ன செய்யவேண்டும்?

காத்திருங்கள். ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நிற்பது சாதாரணம்தான். வன்தட்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். மேம்பாடு தோல்வியடைந்தால் விண்டோஸ் பெரும்பாலும் தானாகவே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தினால்தான் நிலைமை மோசமாகும்.

பல மணி நேரமாகியும் அசைவே இல்லையா? பிரிண்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். மறுபடி போடுங்கள்.

திரையில் எதுவும் வரவில்லை என்றால்?

விண்டோஸ் சின்னம் தெரியத் தொடங்கியதும் அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை வரும். அதில் 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று போங்கள். இந்த வரிசையில் முயன்று பாருங்கள்:

1. 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்': தொடங்குவதில் உள்ள கோளாறைத் தானே தேடிச் சரிசெய்யும்.
2. 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்': கடைசியாக வந்த பெரிய மேம்பாட்டை நீக்கும்.
3. 'சிஸ்டம் ரீஸ்டோர்': முந்தைய ஒரு நாளின் அமைப்புக்குக் கொண்டுபோகும். உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாது.

இடையில் 48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கேட்டால் பதறாதீங்க. கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் தேடுங்கள். கணினியை முதலில் அமைத்தவரின் கணக்கில் அது இருக்கலாம். அண்ணன் அமைத்திருந்தால் அண்ணனைக் கேளுங்கள்.

கோப்புகளை எப்படி வெளியே எடுப்பது?

மேலே சொன்ன மூன்றும் பலிக்கவில்லை என்றால், வேறு எதையும் அழுத்தும் முன் இதைச் செய்யுங்கள். பென்டிரைவைச் செருகி, 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நோட்பேட் திறந்ததும் 'ஃபைல்', 'ஓப்பன்' அழுத்துங்கள். அந்தச் சிறு சாளரத்திலேயே கோப்புறைகளை காப்பி செய்து பென்டிரைவில் பேஸ்ட் செய்யலாம். டிரைவின் எழுத்து மாறியிருக்கலாம். 'யூசர்ஸ்' கோப்புறை எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது.

கடைசி வழி

'ரீசெட் திஸ் பிசி' இரண்டு தேர்வுகளைக் காட்டும். 'கீப் மை ஃபைல்ஸ்' கோப்புகளை வைத்துக்கொண்டு, நீங்கள் நிறுவிய செயலிகளை நீக்கும். 'ரிமூவ் எவ்ரிதிங்' எல்லாவற்றையும் அழிக்கும். அதுவும் முடியாவிட்டால், வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் நிறுவல் கருவியை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள காலி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி நிறுவலாம். கோப்பின் அளவு பல ஜிபி என்பதால் கைப்பேசி டேட்டாவில் இறக்கும் முன் மீதியைப் பாருங்கள். கடைக்குக் கொண்டுபோனால், "ஃபார்மேட் பண்ணாதீங்க, முதலில் ஃபைல் எடுத்துக் கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

மேம்பாடு முடிந்தும் கணினி தடுமாறினால்?

பொதுவாக 10 நாள்களுக்குள் அமைப்புகளில் 'ரிகவரி' பகுதிக்குப் போய், 'கோ பேக்' அழுத்திப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அதற்குப் பிறகு பழைய கோப்புகளை விண்டோஸ் தானே நீக்கிவிடும்.

அடுத்த முறை

மேம்பாடு கோப்புகளையே அழித்த வரலாறும் உண்டு. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஒரு மேம்பாடு சிலரின் கோப்புகளை நீக்கியதால், மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. எனவே தொடங்கும் முன் கோப்புகளின் நகல் ஒன்றை வெளியே வையுங்கள். பிட்லாக்கர் எண்ணைத் தாளில் எழுதுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றாதீர்கள். இடி மின்னலோடு மழை பெய்யும் மாலையில் தொடங்காதீர்கள்.

கணினியில் டிபிஎம் 2.0 இல்லையென்றால் விண்டோஸ் 11ஐக் கட்டாயப்படுத்தி ஏற்றாமல் இருப்பது நல்லது. விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு மேம்பாடுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் தனிநபர்களுக்கு அறிவித்தது. அந்த அவகாசத்தில் நிதானமாக முடிவெடுக்கலாம்.