துணைவீரர் வரலாறு: ஜப்பானியக் கிளைக்கதை மரபு

பெருங்கதை ஒவ்வொன்றும் தலைவன் ஒருவனைச் சுற்றியே நடைபோடும். அவனோடு தோளொட்டிப் போரிட்டவர் பலர், இரண்டொரு காட்சிகளில் தோன்றி மறைவர். அவர்கள் யார், எத்துயரைச் சுமந்து களம் புகுந்தனர் என்னும் வினாக்களுக்கு மூலக்கதையில் இடம் இருப்பதில்லை. அவற்றுக்கு விடைகூறப் பிறந்தவையே கிளைக்கதைகள். ஜப்பானியர் இவற்றைக் ‘கைடென்’ என்பர். புறத்தே நிற்கும் வரலாறு என்பது அதன் பொருள். ‘மங்கா’ எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளில் இவ்வகை பெருகியிருப்பது கண்டு, இது வணிகர் கண்ட புதுமை எனக் கருதுவோர் உளர். வரலாறோ வேறு கூறுகிறது.

1701ஆம் ஆண்டில் அசானோ நகனோரி என்னும் சிற்றரசர், எடோ கோட்டையில் கிரா யோஷினாகா என்னும் அதிகாரியை வாளால் தாக்கினார். அன்றே அவர் தம் வயிற்றைக் கிழித்து உயிர்துறக்கப் பணிக்கப்பட்டார். தலைவரை இழந்த சாமுராய் வீரர் 47 பேர், ஓய்ஷி என்பாரின் தலைமையில், 1703 சனவரி இறுதியில் கிராவைக் கொன்று பழிதீர்த்தனர்.

இந்நிகழ்ச்சியைத் தழுவி 1748இல் ஒசாகா நகரின் பொம்மலாட்ட அரங்கில் ‘கனதெஹோன் சூஷிங்குரா’ என்னும் நாடகம் அரங்கேறியது. அதில் உள்ளத்தை உருக்கும் பகுதிகளுள் ஒன்று, பழிதீர்க்கும் களத்திற்கே செல்லாத கம்பெய் என்பவனின் கதையாகும். தலைவருக்கு இடர் நேர்ந்த வேளையில் அவன் காதலியுடன் இருந்தான். அப்பழியைத் துடைக்க விழைந்தவன், இருளில் காட்டுப்பன்றி எனக் கருதி ஒரு மனிதனைச் சுட்டான். இறந்தவர் தன் மாமனாரே என நம்பித் தன்னைத் தானே குத்திக்கொண்டான். உண்மையில் அவன் சுட்டது மாமனாரைக் கொன்ற கள்வனையே! உண்மை வெளிப்பட்டபின், உயிர் பிரியுமுன் வீரர் பட்டியலில் அவன் பெயரும் சேர்ந்தது. 1702இல், படையெழுச்சிக்கு முன்னரே தற்கொலை செய்துகொண்ட கயானோ சம்பெய் என்னும் வீரரே இப்பாத்திரத்திற்கு மூலமாவார்.

அடுத்த படி ஓவியத்தில் நிகழ்ந்தது. 1847, 1848ஆம் ஆண்டுகளில் உத்தகாவா குனியோஷி என்னும் ஓவியர், அவ்வீரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மரஅச்சுப் படம் படைத்தார். வீரனின் உருவத்தோடு அவனது வாழ்க்கைக் குறிப்பும் அதே தாளில் இடம்பெற்றது. பட்டியலில் வெறும் பெயராயிருந்தவன் முகம் பெற்றான், கதையும் பெற்றான்.

மசாமி குருமதா 1986 முதல் 1990 வரை வார இதழில் வரைந்த ‘செயின்ட் செய்யா’ என்னும் மங்காவிலும் இதே நிலையைக் காணலாம். அதில் பன்னிரு ராசிகளுக்குரிய பொற்கவச வீரர் பன்னிருவர் துணைமாந்தராய் வருவர். அவருள் ஒருவனான ஐயோலியா, துரோகி எனப் பழிசுமத்தப்பட்டவனின் தம்பி. அவன் பட்ட இழிவை விரித்துரைக்க 2002இல் ‘எபிசோட் ஜி’ என்னும் கிளைக்கதை தோன்றியது. வரைந்தவர் மெகுமு ஒகாடா. 2006இல் ஷியோரி தெஷிரோகி தொடங்கிய ‘தி லாஸ்ட் கேன்வஸ்’ 18ஆம் நூற்றாண்டுப் பொற்கவச வீரரைக் காட்டிற்று. அது முடிந்தபின், அவர்களைப் பற்றித் தனித்தனிக் கதைகள் ‘கைடென்’ என்னும் பெயராலேயே வெளிவந்தன.

கம்பெய்யும் ஐயோலியாவும் நூற்றாண்டுகளால் பிரிந்தவர்கள். ஆயினும் பழிச்சொல்லின் நிழலில் நின்றவர்கள் என்பதில் ஒன்றுபட்டவர்கள். கிளைக்கதைகளால் பதிப்பாளர்க்கு ஊதியம் உண்டு என்பது மெய்யே. எனினும், மூலக்கதை ஒரு வரியில் தீர்ப்புக் கூறிய மனிதனை மீண்டும் அழைத்து, அவன் சொல்ல வேண்டியதைக் கேட்பதே சிறந்த கிளைக்கதையின் பணி. வரலாறு பயிலும் மாணவர்க்கும் வேண்டுவது அப்பண்பே ஆகும்.