சைக்ளோட்ரான் வளர்ந்த வரலாறு

பெரிய யந்திரங்களைக் குறித்துப் பேசும்போது, அவற்றை முதலில் கருதிய மேதையின் பெயரையே நாம் போற்றிக் கூறுகிறோம். அது முறையே. ஆயினும் எந்த யந்திரமும் ஒரே நாளில் பிறந்து முற்றுப்பெறுவதில்லை. குறை காண்பதாலும் அக்குறையைக் களைவதாலுமே அது வளர்கிறது. அணுக்கருவை ஆராயப் பயன்படும் சைக்ளோட்ரானின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

அணுக்கருவைத் தாக்குவதற்கு, மின்னேற்றம் பெற்ற துகள்களை மிகுந்த வேகத்துடன் செலுத்துதல் வேண்டும். அதற்குப் பல இலட்சம் வோல்ட் மின்னழுத்தம் தேவை. அத்தனை அழுத்தத்தையும் ஓரிடத்தில் தேக்கினால் மின்பொறி பாய்ந்து கருவி பழுதுறும். 1929-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள பெர்க்கிலியில் எர்னஸ்ட் லாரன்ஸ் வேறொரு வழி கண்டார். ஊஞ்சலை நாம் ஒரே தள்ளில் உச்சிக்கு ஏற்றுவதில்லை. அது திரும்பி வரும் சமயமறிந்து சிறிது சிறிதாகத் தள்ளுகிறோம். அவ்வாறே, துகளைக் காந்தத்தின் நடுவே வட்டமிடச் செய்து, ஒவ்வோர் அரைச் சுற்றிலும் சிறிது மின்விசை ஊட்டலாம் என்பது அவர் கருத்து. 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய மாணவர் லிவிங்ஸ்டன், நாலரை அங்குல விட்டமுள்ள சிறு கருவியில், 2,000 வோல்ட்டுக்கு மேற்படாத அழுத்தத்தைக் கொண்டே துகள்களுக்கு 80,000 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி அளித்துக் காட்டினார்.

கருத்து மெய்யாயிற்று, ஆனால் பொறியியல் வேலை அப்பொழுதுதான் தொடங்கிற்று. துகள் செல்லும் பாதை நெடியது. வழியில் காற்று இருந்தால் அது மோதிச் சிதறிவிடும். ஆகவே அறையிலுள்ள காற்றை இயன்றவரை அகற்ற நல்ல பம்புகள் வேண்டியிருந்தன. காந்தப்புலம் சற்றே பிறழ்ந்தாலும் துகள் வழி தவறும். பதினோரு அங்குலக் கருவியில் மெல்லிய இரும்புத் தகடுகளை ஆங்காங்கே செருகிப் புலத்தைத் திருத்தினர். 1932-இல் அக்கருவி பத்து இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டைக் கடந்தது.

பின்னர் இயற்கையே ஒரு தடை விதித்தது. வேகம் மிகுந்தோறும் துகளின் நிறை பெருகுகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நீள்கிறது. மின்விசையின் தாளம் தவறுகிறது. துகளுக்கேற்ப மின்விசையின் அதிர்வைத் தளர்த்தினால் இதனை வெல்லலாம் என்று 1944-இல் ரஷ்யாவில் வெக்ஸ்லரும், 1945-இல் அமெரிக்காவில் மக்மில்லனும் தனித்தனியே கண்டனர். பெர்க்கிலியின் 184 அங்குல யந்திரம் 1946-இல் இம்முறையில் இயங்கிற்று. ஆனால் அதில் துகள்கள் இடையறாது வாராமல் விட்டுவிட்டே வந்தன. காந்தமுகத்தை மேடும் பள்ளமுமாக அமைத்தால், தாளமும் பிழையாது, துகள்களும் சிதறா என்று 1938-இலேயே தாமஸ் என்பவர் கூறியிருந்தார். அக்கூற்று செயலுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டிலும் இம்முயற்சிக்கு நெடிய வரலாறு உண்டு. கல்கத்தாவில் சைக்ளோட்ரான் நிறுவ விரும்பிய மேகநாத் சாஹா, தம் மாணவர் நாக் சௌதுரியை லாரன்ஸிடம் பயிற்சி பெற அனுப்பினார். காந்தத்தின் பகுதிகள் வந்து சேர்ந்தன. ஆனால் பம்புகளை ஏற்றிவந்த கப்பல் இரண்டாம் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்டது. ஒரு பம்பு இல்லாமையால் ஒரு யந்திரமே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது. இரும்பையும் செம்பையும் விலைக்கு வாங்கலாம். அவற்றை இயக்கும் கைத்திறனை வாங்க இயலாது என்பதை நம்மவர் அன்று உணர்ந்தனர்.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. அதே நகரில் 1977-ஆம் ஆண்டு ஜூன் மாதம், 224 சென்டிமீட்டர் அளவுள்ள மற்றொரு சைக்ளோட்ரான் முதன்முதலாகத் துகள்கற்றையை அளித்தது. மேடு பள்ளமுள்ள காந்தமுகம் கொண்ட அந்த யந்திரத்தின் பெருங்காந்தம் நம் ராஞ்சித் தொழிற்சாலையிலேயே உருவாயிற்று.

தகடு செருகியவர், பம்பு செப்பனிட்டவர், இரும்பு கடைந்தவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் ஏடுகளில் ஏறுவதில்லை. அவர்கள் இன்றி மேதையின் கருத்து காகிதத்திலேயே நின்றிருக்கும். விஞ்ஞானத்தைப் போற்றும் நாம் அவர்களையும் நினைத்தல் கடமையாகும்.